கச்சான் தொடங்குமுன் வீட்டைக் குளிர்ச்சியாக்குவது: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிறது. அதுதான் கச்சான். மே மாதம் பிடித்தால் செப்ரெம்பர் வரை விடாது. வெக்கை தாங்காமல் ஆட்கள் முதலில் வாங்குவது இன்னொரு ஃபேன். கொதிக்கிற தகரத்துக்குக் கீழே சுற்றுகிற ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கட்டிலுக்கு இறக்கித் தரும். அதே காசில் சுண்ணாம்பும் கிடுகும் உமியும் வாங்கினால் வீட்டின் சூட்டைக் குறைக்கலாம். ஆனால் வேலையை வரிசைப்படி செய்யவேண்டும்: முதலில் கூரை, அடுத்தது மேற்குச் சுவர், கடைசியில் காற்றோட்டம். கூரையை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் செலவழித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

காரணம் நாங்கள் இருக்கிற இடம். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7.7 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தையொட்டியும் செப்ரெம்பர் முதல் வாரத்தையொட்டியும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வருடத்தின் பெரும்பகுதியில் வெயிலை அதிகம் வாங்குவது கூரைதான்.

இன்னொன்று. வெளிநாட்டுக் காணொளிகளில் “தெற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள்” என்பார்கள். எங்களுக்குக் கடும் வெக்கை தருகிற மே, யூன், யூலை மாதங்களில் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். அந்த நாட்களில் வெயில் படுவது வடக்குச் சுவரில். ஆனால் நடுப்பகலில் சூரியன் மிக உயரத்தில் நிற்பதால் 2 அடி இறவாணமே அந்தச் சுவரில் 7 அடிவரை நிழல் தந்துவிடும். பின்னேரம் தாழ்ந்து வருகிற மேற்கு வெயிலுக்கு எந்த இறவாணமும் போதாது.

முதலில் அளந்து பாருங்கள்

இரண்டு சாதாரண வெப்பமானிகள் போதும். ஒன்றைக் கூரைக்கு ஓரடி கீழே, மற்றதைக் கட்டில் உயரத்தில், நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். சுவரில் சாய்த்தால் சுவரின் சூட்டைத்தான் காட்டும். பகல் 2 மணிக்கும் இரவு 9 மணிக்கும் நாலைந்து நாட்கள் குறித்துவையுங்கள். பகலில் மேலே உள்ளது கீழே உள்ளதைவிட 4, 5 பாகை கூடக் காட்டினால் குற்றவாளி கூரை. பகலில் இரண்டும் ஒட்டிவந்து இரவு 9 மணிக்கும் இறங்காமல் நின்றால் சுவரையோ கொங்கிறீற் தட்டையோ பாருங்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் திரும்ப அளந்தால்தான் எது பலன் தந்தது என்று தெரியும்.

கூரைக்குச் சுண்ணாம்பு

அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கும் கொங்கிறீற் தட்டுக்கும் இதைவிட மலிவான மருந்து கிடையாது. பாசி பிடித்துக் கறுத்த சீற் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பரப்பு ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும்.

500 சதுர அடிக் கூரைக்கு மூன்று பூச்சு அடிக்கச் சுமார் 30 கிலோ நீற்றிய சுண்ணாம்புத் தூள் வேண்டும். கடையில் பைன்டர் என்று கேட்டால் தரும் வெள்ளைப் பசை 3 லீற்றர் வாங்குங்கள். முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பு யாராவது கொண்டுவந்தால் வாங்கவேண்டாம். கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம், அலையை மறிக்கிற அரணும் அதுதான்.

1. 5 கிலோ தூளுக்கு 10 முதல் 12 லீற்றர் நல்ல தண்ணீர் என்று கரைத்து, மூடி, குறைந்தது ஒரு நாள் ஊறவிடுங்கள். நீற்றாத கல் சுண்ணாம்பு கிடைத்தால் இரும்புப் பீப்பாயில் முதலில் தண்ணீரை நிரப்பி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் போடவேண்டும். கல்லின்மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம்.
2. ஊறியதைப் பழைய சேலைத் துணியில் வடியுங்கள். கட்டி கிடந்தால் அந்த இடம் பிறகு பொருக்காகக் கழன்றுவிடும்.
3. அடிக்கிற அன்று மட்டும் 5 கிலோவுக்கு அரை லீற்றர் பசை கலக்குங்கள்.
4. கூரையைத் தண்ணீர் தெளித்து நனைத்து, காலை 8 மணிக்கு முன் அல்லது பின்னேரம் 4 மணிக்குப் பின் அடியுங்கள்.
5. ஒரு நாள் இடைவெளியில் மூன்று மெல்லிய பூச்சு. அடுத்த பூச்சுக்கு முன் ஒவ்வொரு தடவையும் இலேசாக நனையுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் பிழைவிடுவது பூச்சின் தடிப்பில். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு கிட்டத்தட்டக் கண்ணாடிபோலத் தெரியும், கீழே உள்ள சீற்றின் கறுப்பு அப்படியே தெரியும். “பிடிக்கவில்லை” என்று நினைத்து மேலே மேலே அப்புவார்கள். காய்ந்தால்தான் வெள்ளை வரும். தடிப்பாக அப்பியது ஒரு மாதத்துக்குள் வெடித்து, சீற்றின் பள்ளங்களில் ஓடிவிடும். நடுப்பகலில் அடிப்பதும் வீண். சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்றிலுள்ள கரியமில வாயுவும் கொஞ்ச ஈரமும் வேண்டும். உச்சி வெயிலில் ஈரம் உடனே போய்விட்டால் இறுகாமல் மாவாகவே நிற்கும். மூன்றாம் பூச்சு முடிந்து இரண்டு நாள் கழித்துக் கறுப்புத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணி முழுக்க வெளுத்தால் அது பிடிக்கவில்லை.

உப்புப் போட்டுக் கலக்கும் பழைய வழக்கம் உண்டு. கொக்கி ஆணிகள் துருப்பிடிக்கும், கடற்கரைப் பக்கம் அதைத் தவிருங்கள்.

அஸ்பெஸ்டஸ் சீற் வீடுகளுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பாசியைக் கம்பித் தூரிகையாலோ அழுத்தத் தண்ணீராலோ சுரண்டவேண்டாம், காய்ந்த சீற்றை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அதன் நார்த்தூசி நுரையீரலில் தங்கி வருடங்கள் கழித்து நோயாக வெளிவரும். நிறையத் தண்ணீர் விட்டு, மெல்லிய தும்புத்தடியால் தள்ளிவிட்டாலே போதும், மிச்சப் பாசியைச் சுண்ணாம்பின் காரம் கொல்லும். சீற்றின்மேல் நேரடியாகக் கால்வைக்கக் கூடாது. பழைய சீற் சத்தமில்லாமல் உடையும். ஆணி வரிசை போகிற இடத்தில், வளையின் மேலாகப் பலகை போட்டு அதில் நில்லுங்கள். இன்னும் நல்லது, ஏணியில் நின்று நீளத் தடியில் தூரிகை கட்டி அடிப்பது. கண்ணைக் காக்கிற பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுண்ணாம்பு வேலைக்குப் போகவேண்டாம். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போகவேண்டும்.

மாசி, பங்குனியில் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. வாடை மழை ஓய்ந்திருக்கும், உச்சி வெயில் இன்னும் வந்திருக்காது. மழை நீரைத் தொட்டியில் சேர்ப்பவர்கள் அடுத்த மழைகளின் முதல் தண்ணீரை வெளியே விடுங்கள். வருடம் ஒருமுறை ஒரு பூச்சுப் போட்டால் நிற்கும்.

தகரக் கூரை என்றால்

தகரத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது. தகரத்தின் நாகமுலாமை, அதாவது துத்தநாகப் பூச்சை, சுண்ணாம்பின் காரம் அரிக்கும், ஒட்டவும் மாட்டாது. புதுத் தகரம் பளபளப்பதால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைப்பது பிழை. அது வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பினாலும், உள்ளே வாங்கிய சூட்டை வெளியே விடுவதில் மகா கஞ்சன். கை வைக்க முடியாமல் சுடுவது அதனால்தான். தகரத்துக்கு ஏற்ற அடிப்பூச்சு போட்டு, தண்ணீரில் கரைகிற வெள்ளைக் கூரைப் பெயின்ட் இரண்டு பூச்சு அடியுங்கள். புதுச் சீற் வாங்குபவர்கள் வெள்ளையோ மிக வெளிறிய நிறமோ எடுங்கள். கருஞ்சிவப்பும் கரும்பச்சையும் அழகுதான். ஆனால் அந்த அழகுக்குக் கீழே யூன் மாதத்தில் படுக்கப்போவது நீங்கள்.

சீற்றைக் கழற்றிவிட்டு மண் ஓடு போட நினைத்தால் முதலில் ஓடாவியிடம் கைமரத்தைக் காட்டுங்கள். ஓட்டின் பாரம் சதுர மீற்றருக்கு 40 கிலோ அளவில் வரும். சீற்றுக்கென்று போட்ட மரம் அதைத் தாங்காது.

கூரையின்மேல் கிடுகு

வெயில் தகரத்தைத் தொடாமலே மறித்துவிட்டால் அதற்கு மேல் வேறு வேலை இல்லை. கிடுகு அதைச் செய்யும், தன் பங்குக்குச் சூட்டைத் தேக்கியும் வைக்காது. ஆனால் தகரத்தின்மேல் நேரே பரப்பினால் அடியில் ஈரம் நின்று ஒரு மாரிக்குள் தகரம் துருவாகும், கிடுகும் உக்கும். கமுகஞ்சலாகைகளைக் குறுக்காக வைத்து, கூரைக்கும் கிடுகுக்கும் இடையில் 4 அங்குலமாவது காற்று ஓட விடுங்கள்.

மழைக்காக வேயும்போது கிடுகு வரிசைகளை அரையடிக்கு ஒன்றாக நெருக்க வேண்டும், கூரையும் 45 பாகை அளவில் சரிவாக இருக்கவேண்டும். இங்கே தேவை நிழல் மட்டும், ஆகவே ஓரடிக்கு ஒரு வரிசை போதும், சரிவைப் பற்றிக் கவலை இல்லை. நன்றாக ஊறவைத்துப் பின்னிய கிடுகைக் கேட்டு வாங்குங்கள். ஊறாத ஓலையில் பின்னியது முதல் வெயிலிலேயே முறுகிச் சுருண்டுவிடும், பூச்சியும் கெதியாக ஏறும். தும்புக்கயிற்றால் ஒவ்வொரு கிடுகையும் இரண்டு இடத்தில் சலாகையோடு கட்டி, சலாகையை வளையோடு கட்டுங்கள். கல்லோ பழைய டயரோ ஏற்றி வைப்பது கச்சானுக்கு நிற்கும், புயலுக்கு அது எறிகல்.

விறகு அடுப்புப் புகைபோகும் குசினிக் கூரையில் கிடுகு வேண்டவே வேண்டாம். பக்கத்து வளவுக் கூரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடங்களிலும் நெருப்பை நினைத்து விட்டுவிடுங்கள்.

உள்ளே: பன்பாயும் உமியும்

கூரைமேல் ஏறமுடியாதவர்கள் உள்ளேயிருந்து தடுக்கலாம். சூடான சீற் கீழே உள்ள ஆளின் தலைக்கு நேரடியாகக் கதிர் வீசுகிறது. இடையில் ஒரு பன்பாய் இருந்தாலே அந்தக் கதிர் மறிபடும். 2 அடிக்கு 2 அடி சட்டம் அடித்து, சீற்றின் ஆகத் தாழ்ந்த இடத்திலிருந்தும் ஓரடி இடைவெளி விட்டுப் பாயை இழுத்து ஆணியடியுங்கள். அந்த இடைவெளியில் சேரும் சூடு வெளியேற இரண்டு பக்க முக்கோணச் சுவரிலும் துவாரம் வேண்டும். 500 சதுர அடி வீட்டுக்கு மொத்தம் 4 சதுர அடிக்குக் குறையாமல் விட்டு, வௌவாலும் அணிலும் வராமல் கம்பிவலை அடியுங்கள். துவாரம் விடாத சீலிங் பகலில் நன்றாக இருக்கும், இரவில் பழிவாங்கும்.

உமி இன்னும் ஒரு படி மேலே. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் ஆலைகளுக்கு அது தள்ள இடமில்லாத கழிவு. சூடு கடத்துவதில் சீமெந்தோடு ஒப்பிட்டால் உமி பல மடங்கு பின்தங்கியது, சிலிக்கா நிறைந்திருப்பதால் வைக்கோலைப்போல் எளிதில் உக்காது. 4 அங்குலத் தடிப்புக்குச் சதுர மீற்றருக்கு 10 கிலோ அளவு பாரம் வரும். 10 அடிக்கு 10 அடி அறைக்கு ஏறக்குறைய 95 கிலோ. வெறும் பாய் அதைத் தாங்காது, பலகை சீலிங்கும் நல்ல சட்டமும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

கொட்டிப் பரப்புவதைவிடச் சணல் சாக்குகளில் மெத்தைபோல நிரப்பித் தைத்து அடுக்குவது நல்லது. கூரை ஒழுகினால் நனைந்த சாக்கை மட்டும் இறக்கிக் காயவைக்கலாம். நிரப்புமுன் உமியைப் புடைத்துக் கொள்ளுங்கள். ஆறேழு நெல்மணி கிடந்தாலே எலிக்கு அழைப்பு. வயர்கள் உமிக்குள் புதையக் கூடாது, குழாய்க்குள் போகவேண்டும். உமி சுவாலைவிட்டு எரியாது, புகைந்துகொண்டே போகும், கண்டுபிடிக்க நேரமாகும்.

மேற்குச் சுவர்

“இரவு பத்து மணிக்கும் சுவர் சுடுதே” என்பது எல்லார் வீட்டிலும் கேட்கிற முறைப்பாடு. 6 அங்குலச் சீமெந்துக்கல் சுவர் பின்னேர வெயிலை வாங்கி, நாலைந்து மணித்தியாலம் கழித்துப் படுக்கிற நேரத்துக்கு உள்ளே விடுகிறது. உள்பக்கம் என்ன பூசினாலும் இது மாறாது. வெயிலை வெளியிலேயே மறிக்கவேண்டும்.

சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கிடுகுத் தட்டி நட்டால் அன்றைக்கே பலன் தெரியும். கொடி வளர்க்க விரும்பினால் அதே தூரத்தில் கம்பு நட்டுத் தும்புக்கயிற்றில் பந்தல் பின்னி, ஓரடி இடைவெளியில் பாகலோ பீர்க்கோ பசளியோ போடுங்கள். பெப்ரவரி கடைசியில் விதைத்தால் ஏப்ரல் நடுவில் சுவர் மறையும். பாகல் இலைகள் யூலைக்குள் பழுக்கத் தொடங்கும், ஆகவே மே மாதம் இரண்டாம் விதைப்பு வேண்டும். பசளி நின்று பிடிக்கும், கறிக்கும் ஆகும். கொடியைச் சுவரிலேயே படரவிட்டால் ஈரமும் எறும்பும் சுவருக்குள் போகும்.

குளிக்கிற தண்ணீர் மேற்குப் பக்கம் ஓடுகிறதென்றால் அங்கே வாழை வையுங்கள், வருடம் திரும்புமுன் நல்ல நிழல். வேம்பு 15 அடி தள்ளி. முருங்கையை வீட்டோரம் நடவேண்டாம், காற்றுக்கு முறிந்து சீற்றின்மேல் விழும். மேற்குப் பக்க முற்றத்துக்குச் சீமெந்துக்கல் பதிப்பது அழகென்று நினைத்துச் செய்கிறார்கள். அது வாங்குகிற சூடு யன்னலால் உள்ளே வரும். மணல் முற்றமும் கொஞ்சம் புல்லும் எவ்வளவோ மேல்.

காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனை போன்ற நெருக்கமான இடங்களில் மேற்கே ஓரடிகூட இருக்காது. பக்கத்து வீட்டு மதிலே நிழல் தந்துவிடும். அங்கே பிரச்சினை, பிறகு மேல்மாடி கட்டலாம் என்று கம்பி நீட்டி விட்ட கொங்கிறீற் தட்டு. அதற்குச் சுண்ணாம்பு மூன்று பூச்சு, முடிந்தால் அந்தக் கம்பிகளிலேயே கட்டிய கிடுகுப் பந்தல்.

காற்றும் ஈரத் தட்டியும்

கச்சான் நாளில் பகல் முழுக்க யன்னலைத் திறந்து வைத்தால் வெளியே உள்ள சூட்டைத்தான் உள்ளே கூப்பிடுகிறீர்கள். காலை 10 மணிக்கு, ஈரத் தட்டி கட்டிய யன்னலைத் தவிர, மேற்கு யன்னல்களை மூடி, சூரியன் விழுந்தபின் எல்லாவற்றையும் திறவுங்கள். இரவுக் காற்று கூரையையும் சுவரையும் ஆற்றும். அறைக்கு இரண்டு பக்கச் சுவரில் வழி இருக்கவேண்டும். ஒன்று தாழ்வாகவும் மற்றது கதவுக்கு மேலேயும் இருந்தால் நல்லது. நுளம்புவலை காற்றை நன்றாகக் குறைக்கும், ஆகவே வலை அடிக்கிற யன்னலைப் பெரிதாக வையுங்கள்.

ஈரத் தட்டி என்பது தண்ணீரில் ஊறும் தும்பை யன்னலில் சட்டமாகக் கட்டி, வரும் காற்றைக் குளிர்விப்பது. அது வேலைசெய்யுமா என்று பார்க்க ஒரு வழி: ஒரு வெப்பமானியின் நுனியில் ஈரத்துணி சுற்றி, சுற்றாத இன்னொன்றோடு நிழலில் காற்றுப்படும்படி 10 நிமிடம் தொங்கவிடுங்கள். வித்தியாசம் 6 பாகைக்கு மேல் என்றால் தட்டி கட்டலாம், தட்டியைக் கடந்து வரும் காற்றில் அதில் பாதியளவு குறையும். 3 பாகைக்குக் கீழே என்றால் வீண் வேலை. கச்சான் பகல்களில் நல்ல வித்தியாசம் காட்டும். வாடைக் காலத்தில் காட்டாது, பூஞ்சணம்தான் மிச்சம்.

மேற்கு யன்னல் அளவுக்குச் சட்டம் செய்து, இரண்டு கோழிவலைகளுக்கு நடுவே ஓரங்குலத் தடிப்பில் தும்பைத் தளர்வாக அடையுங்கள். இறுக்கினால் காற்று வராது. மேலே அரையங்குலக் குழாயில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை. தும்பை முதலில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் செந்நிறச் சாயம் சுவரெல்லாம் வழியும். வாவிக்கரைக் கிணறுகளின் உவர்த் தண்ணீர் துளைகளை அடைக்கும், வினாகிரி விட்டுக் கழுவவேண்டும். எதிர்ப்பக்கக் கிழக்கு யன்னல் திறந்தே இருக்கட்டும், அடைத்துவைத்தால் அறை புழுங்கும். வடிகிற தண்ணீரைப் பிடிக்கும் பாத்திரத்தை வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கவிழ்த்துங்கள், டெங்கு நுளம்புக்கு அந்தத் தண்ணீரே போதும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு மண்கல்

மண் சுவர் என்றாலே குளிர்ச்சி என்பது பாதி உண்மை. நிழல் இல்லாத மண் சுவரும் சூடாகும், கொஞ்சம் பிந்திச் சூடாகும் அவ்வளவுதான். ஆனால் படுவான்கரை, அம்பாறை உள்பகுதிகளில் சூளைக் கல்லுக்கு விறகு எரிக்காமல் கட்ட அது நல்ல வழி. அச்சில் அமுக்கிச் செய்யும் மண்கல்லுக்கு மண்ணின் எடையில் 6 முதல் 8 வீதம் சீமெந்து போதும். கடற்கரை மணலில் களி இல்லை, அதில் வராது. வாவியோர மண்ணில் உப்புப் பூக்கும்.

மண்ணைச் சோதிக்கக் கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி ஒரு நாள் வைத்தால் மணல் அடியிலும் களி மேலும் படியும். களி ஏறக்குறைய 10 முதல் 25 வீதம் இருந்தால் சரி. ஈரத்தைச் சோதிக்க ஒரு பிடி மண்ணை உருண்டையாக்கி நெஞ்சு உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். மாவாகச் சிதறினால் ஈரம் காணாது. கட்டியாகவே கிடந்தால் தண்ணீர் கூடிவிட்டது. அமுக்கிய கல்லை ஒரு கிழமை ஈரமாகவும் நிழலிலும் வைத்து, 28 நாள் கழித்துக் கட்டுங்கள். அத்திவாரமும் வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி வரையும் கருங்கல்லும் சீமெந்தும்தான், மேலே மண்கல். வெளிப்பூச்சுக்குச் சீமெந்தைவிடச் சுண்ணாம்புக் கலவை நல்லது. சீமெந்துப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துப் பாளம் பாளமாகக் கழலும்.

ஒக்டோபரில் கழற்றுவது

1978 நவம்பர் 23ஆம் திகதிப் புயல் மட்டக்களப்பில் கூரைகளை என்ன செய்தது என்று வயதானவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கூரைமேல் கட்டிய கிடுகும் பந்தலும் தட்டியும் ஒக்டோபர் நடுவுக்குள் இறங்கவேண்டும். கயிற்றை வெட்டாமல் அவிழ்த்தால் அடுத்த வருடமும் ஆகும். ஒடியாத கிடுகை நிழலில் தரைபடாமல் அடுக்கிவையுங்கள், கறையான் ஏறாது. ஒடிந்ததைத் தென்னை அடியில் போடுங்கள். இறக்கும்போதே கொக்கி ஆணிகளைப் பார்த்து, துருப்பிடித்ததை மாற்றி, முக்கோணச் சுவரின் துவாரத்துக்கு மழைச்சாரல் படாத பலகை மூடி ஒன்றையும் அடித்துவிடுங்கள்.